வயசாகிவிட்டால் அப்படித்தானா?

திங்கள்

ஸ்கேன் எடுத்தாயிற்று. 20 கிராம் அளவில் இருக்க வேண்டிய புராஸ்டேட் சுரப்பி என் வீட்டுக்காரருக்கு 95 கிராம். சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிற சுரப்பி என்பதால், அது பெருக்கப் பெருக்கப் பாதை நெரிபடுகிறது. வெள்ளிக்கிழமை கடையில் வாங்கிப் போட்ட சளி மாத்திரை மிச்சமிருந்த வழியையும் இறுக்கிவிட்டதாம். மறுநாள் விடிகாலை அடிவயிறு கல்லாகி, ஒரு சொட்டு இறங்காமல் இவர் துடித்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

"எத்தனை நாளா சிரமம் சார்?" என்று டாக்டர் கேட்டதற்கு, "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்கிறார். சென்னைக்குப் பஸ்ஸில் வர மறுத்தது, கல்யாண வீட்டில் மோரைக்கூடத் தொடாதது, ராத்திரி நாலைந்து தடவை எழுந்தது, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான் எனக்கும் கிடைத்தது.

அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை தடித்துப்போகும், பிறகு சோர்ந்துவிடும் என்றார் டாக்டர். முழுக்கச் சோர்ந்த பிறகு பாதையைத் திறந்தாலும் பழைய வேகம் திரும்பாமல் போகலாம். சிறுநீரகமும் கெடலாம். இவருக்கு இன்னும் தசையில் வலு இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்தேன்.

வியாழன்

மாத்திரை கொடுத்து, சிறுநீர் இறங்கப் போட்டிருந்த டியூபை எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி அடைத்துக்கொண்டது. லேசர் ஆபரேஷன் என்று முடிவானது.

எனக்குப் புரியும்வரை கேட்டேன். வயிற்றில் வெட்டு இல்லை. மூத்திரம் வரும் வழியாகவே கருவியைச் செலுத்தி, ஹோல்மியம் லேசரால் உள்ளே பெருத்த சதையை ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து பிரிப்பதுபோல் பிரிப்பார்களாம். பிரித்ததைச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கேயே பொடியாக்கி உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இந்த லேசர் திசுவுக்குள் அரை மில்லிமீட்டர்கூட இறங்காது. வெட்டும்போதே ரத்தக்குழாயையும் அடைத்துவிடும். நியூசிலாந்தின் டவுரங்காவில் பீட்டர் கில்லிங் குழுவினர் 1990களில் உருவாக்கிய முறை. பழைய மின்கம்பிச் சிகிச்சையில் கிளைசின் கரைசலால் கழுவும்போது அது ரத்தத்தில் கலந்து சோடியம் இறங்கும் ஆபத்து இருந்தது. இதில் சாதாரண சலைன்தான்.

பிறகு டாக்டர் என் முன்னாலேயே சொன்னார்: "இதுக்கப்புறம் பெரும்பாலும் விந்து வெளியே வராதுங்க, சிறுநீர்ப்பைக்குள்ள போயிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை." இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த டாக்டர்மேல் மரியாதை கூடியது. ஆபரேஷனுக்கு முன்பே, புருஷன் பெண்டாட்டி இருவர் காதிலும் விழ வேண்டிய பேச்சு இது.

சனி

நேற்று முதுகில் ஊசி போட்டு முடித்தார்கள். ராத்திரி முழுக்கச் சலைன் ஓடியது. டியூபில் ரோஜா நிறத்தில் வந்தது விடிய விடியத் தெளிந்தது. நாளை டியூபை எடுப்பார்களாம்.

அடுத்த வெள்ளி

தாராளமாகப் போகிறது. ஆனால் இருமினால், எழுந்தால் கசிகிறது. சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் சரியாகும் என்று இடுப்புத் தசைப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். துணி கட்டிக்கொள்ள இவருக்குக் கூச்சம். கூச்சப்பட்டது போதும் என்று சொல்லிவிட்டேன்.

பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளேதான் இருக்கிறது, அதனால் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாதாம்.

சாயங்காலம் திருமங்கலத்திலிருந்து அண்ணன் பேசினார். நலம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி இவரிடம் ஏதோ கேட்டார். இவர் தாழ்த்தவில்லை. "ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க மச்சான்? நின்னு நின்னு வருதா? வயசு கியசுன்னு விட்டுடாதீங்க, ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்" என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே பேசினார். அண்ணனுக்குச் செவ்வாய்க்கிழமை டோக்கன் போட்டாகிவிட்டது.