பாலைவனத்தில் ஒரு திமிங்கிலப் பள்ளத்தாக்கு

'வாதீ அல் ஹீதான்' என்றால் திமிங்கிலங்களின் பள்ளத்தாக்கு. 'ஹூத்' என்பதன் பன்மைதான் 'ஹீதான்'. யூனுஸ் நபி (அலை) அவர்களை விழுங்கியதாகக் குர்ஆன் கூறுவதும் ஹூத்தையே. அறபு வகுப்பில் எத்தனையோ முறை படித்துக் கொடுத்த சொல். ஆனால் சொட்டுத் தண்ணீர் இல்லாத மணல்வெளிக்கு இப்பெயர் எப்படி வந்தது என்பது நேரில் போன பின்னரே விளங்கியது.

கெய்ரோவிலிருந்து தென்மேற்கே சுமார் 150 கிலோமீற்றர். பையூம் பகுதியைக் கடந்து, ரய்யான் ஏரிகளையும் தாண்டி ஜீப் போகிறது. காற்று செதுக்கிய மஞ்சள் பாறைகள். அவற்றின் அடியில் முதுகெலும்புகள் வரிசையாக, உரலைப் படுக்க வைத்தது போல் கிடக்கின்றன. இங்குள்ள பெரிய இனம் பசிலோசோரஸ். 2016இல் திறக்கப்பட்ட அரும்பொருளகத்தில் 18 மீற்றர் நீள எலும்புக்கூடு இருக்கிறது. டொருடொன் என்ற சிறிய இனமும் உண்டு. அதன் குட்டிகளைப் பெரியது தின்றிருக்கிறது. வயிற்றிருந்த இடத்தில் எலும்புகள் அகப்பட்டன. பிள்ளை பெற்றவர்களுக்கு இதைக் கேட்கவே மனம் கனக்கும்.

"இது நூஹ் நபி காலத்து வெள்ளமா?" என்று மனைவி கேட்டார். நம்மில் பலர் அப்படித்தான் சொல்வார்கள். அல்ல. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் இது டெதிஸ் என்ற கடலின் கரையோரம். செத்த திமிங்கிலங்கள் அடியில் அமிழ, மணலும் சேறும் மூடிக் கல்லாகின. கடல் மெல்ல வடக்கே விலகியது. மனிதன் அப்போது இல்லை.

1989இல் அமெரிக்க ஆய்வாளர் பிலிப் ஜிஞ்சரிச்சின் குழு இந்தப் பசிலோசோரஸின் பின்னங்கால்களைக் கண்டது. அவ்வளவு பெரிய உடலுக்குச் சிறுபிள்ளையின் கையளவு கால். முழங்காலும் விரல்களும் உண்டு! திமிங்கிலத்தின் முன்னோர் தரையில் நடந்தவை என்கிறார்கள் அறிஞர்கள். மாணவிகள் இதுபற்றிக் கேட்டால் முன்னர் பேச்சை மாற்றிவிடுவேன். எலும்பைக் கண்ட பின் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. படைத்தவன் எப்படிப் படைத்தான் என்பதை அறிய ஏன் அஞ்ச வேண்டும்?

தரையெங்கும் நாணயம் போன்ற வட்டக் கற்கள். நுமுலைட் என்ற சிறு கடலுயிரின் ஓடுகள் அவை. ஜீஸா பிரமிட்டுகளின் கல்லிலும் இருக்கின்றன.

"இஞ்ச பாருங்க, சின்னவனுக்கு ஒண்டு எடுப்பமா?"

"வேணாம். இது உலக மரபுரிமை எண்டு 2005இல அறிவிச்ச இடம். எல்லாரும் ஒவ்வொண்டா எடுத்தா என்ன மிஞ்சும்?"

மனைவி பதில் பேசவில்லை. ஜீப்புக்குத் திரும்பும் வழியில் சற்றுப் பின்தங்கி, கைப்பையைத் திறந்து, மூன்று கற்களைக் குனிந்து மணலில் வைத்தார்.