சொற்கட்டும் நம்மவர் ஆங்கிலமும்

துறைமுக நகராகிய திருகோணமலையில் ஆங்கிலம் நெடுங்காலம் வயிற்றுப்பாட்டுக்குரிய மொழியாயிருந்தது. 1957 ஆம் ஆண்டிற் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை, அங்கே எழுதுவினைஞராய் அமர விரும்பிய இளைஞர், 'ஐ ஹாவ் தி ஒனர் டு' எனத் தொடங்கி 'யுவர் ஒபீடியன்ற் சேர்வன்ற்' என முடியும் கடிதக் கட்டுகளை நெட்டுருப்பண்ணினர். அதனைக் களவென்று எவரும் சொல்லக் கேட்டிலேம்.

இன்று ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் நம் மாணாக்கர் நிலை வேறு. எமக்குத் தெரிந்த மாணவி ஒருத்தியின் ஏட்டில், ஒப்புமை காணும் கணினி நிரல் 'ஒன் தி அதர் ஹான்ட்', 'அஸ் எ றிசல்ற் ஒவ்' முதலியவற்றையெல்லாம் சிவப்பிட்டுக் காட்டிற்று. அஞ்சிய அப்பிள்ளை அவற்றை நீக்கித் தானே தொடர் புனைந்தாள். 'இஃது ஆங்கில நடையன்று' என ஏடு திரும்பி வந்தது. பட்டம் பெறுதல் ஓராண்டு பின்போயிற்று.

இதில் அறியாமை பிள்ளையுடையதன்று. டக்ளஸ் பைபரும் பிறரும் 1999 இல் வெளியிட்ட பேரிலக்கணம், இவ்வாறு மீண்டும் மீண்டும் சேர்ந்து வரும் சொற்கட்டுகளைக் கணினிகொண்டு எண்ணி, ஆய்வெழுத்தில் அவை எத்துணைப் பரந்து கிடக்கின்றன எனக் காட்டியது. 2010 இல் யூ-ஹுவா சென், போல் பேக்கர் என்னும் இருவர், அச்சேறிய ஆய்வெழுத்தையும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடைய மாணாக்கர், சீன மாணாக்கர் ஆகியோர் எழுத்தையும் ஒப்புநோக்கினர். கட்டுகள் மிக வகைப்பட்டு நின்றது அறிஞர் எழுத்திலேயே. மிகக் குறைந்தது சீன மாணாக்கர் எழுத்தில். 'இன் தி கொன்ரெக்ஸ்ற் ஒவ்' என்பதை மாணாக்கர் இருசாராரும் போதிய அளவு ஆண்டிலர். அயன்மொழியாளரோ, அறிஞர் அரிதாய் ஆளும் 'ஓல் ஓவர் தி வேள்ட்' என்பதை அடிக்கடி எழுதினர். ஆகவே குறை, கட்டுகளை ஆண்டமையிலன்று. சிலவற்றையே அறிந்து அவற்றையே சுற்றிச்சுற்றி ஆண்டமையிலாம்.

நம் உரையாசிரியர் செய்ததென்னை? 'என்றவாறு', 'என்பது கருத்து', 'அற்றன்று' என்பன அவர்க்கெல்லாம் பொதுச்சொத்து. 'என்பாரும் உளர்' என்னும் ஒரு கட்டினுள் எத்துணைப் பணிவு, எத்துணைக் குத்து! அவற்றை நீக்கிப் பரிமேலழகரை எழுதச் சொல்லின் அவர் பாடு என்னாகும்?

இந்நகர்க் கல்விக்கு உழைத்த சுவாமி விபுலானந்தர் கலைச்சொல்லாக்கத்திற்கும் உழைத்தவர். கலைச்சொல்லுக்குக் குழுக்கள் அமைந்தன. அச்சொல்லைத் தாங்கும் கட்டுகள் அத்துணைக் கவனம் பெற்றில. மாணாக்கர் தத்தம் துறையிற் சிறந்த பத்துக் கட்டுரைகளை எடுத்து, அவற்றில் வரும் கட்டுகளை ஒரு கொப்பியிற் குறித்துவருவாராக. நிரல் சிவப்பிடும்போது அக்கொப்பியை ஆசிரியர்முன் விரித்துக் காட்டலாம்.