பூனை விழுங்கிய நூலும் சைடர் என்ற சொல்லும்

பாபின் லேஸ் என்னும் கைவேலையைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் அதைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறோம். வைக்கோல் இறுக அடைத்த ஒரு திண்டின் மீது புள்ளியிட்ட அட்டையைப் பதித்து, அப்புள்ளிகளில் குண்டூசிகளைக் குத்துவார்கள். சிறு மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றியும் முறுக்கியும் அந்த ஊசிகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டே போவார்கள். அக்குச்சிகளுக்குத்தான் பாபின் என்று பெயர். நாங்கள் வாழும் பெட்ஃபோர்ட் நகரமும் அதைச் சூழ்ந்த பகுதியும் இவ்வேலைக்குப் பெயர் பெற்றவை. 19ஆம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த தாமஸ் லெஸ்டர் என்பவரின் லேஸ் தொகுப்பை இன்றும் நகர அருங்காட்சியகத்தில் காணலாம்.

எங்கள் உம்மா இதைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதற்கு இந்த ஊர் மட்டும் காரணமன்று. அவர் பிறந்தது நாகர்கோவில் இடலாக்குடியில். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் போன்ற பெண்மணிகள் அந்த வட்டாரத்துப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். திண்டும் குச்சிகளுமாக அமர்ந்திருந்த பெண்களைச் சிறுமியாக வேடிக்கை பார்த்த நினைவு உம்மாவுக்கு இருந்தது. அறுபது வயதில், கடல் கடந்து வந்த ஊரில், அது அவர் கைக்கு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இங்கிலாந்தின் இப்பகுதிப் பாபின்களுக்கு ஒரு தனி அழகுண்டு. ஒவ்வொன்றின் முனையிலும் கண்ணாடி மணிகள் கோத்த சிறு வளையம் தொங்கும். நூலை இழுத்துப் பிடிக்கும் எடைக்காகவும், குச்சி உருண்டுவிடாமல் இருப்பதற்காகவும் அது. அவ்வளையம் பூனைகளை ஈர்ப்பதற்காகவே செய்யப்பட்டது என்று எங்கள் வீட்டு மிஸ்கீன் முடிவு கட்டியிருந்தது. மணிகள் கிலுகிலுத்தால் போதும், மாடியில் உறங்குவது கீழே வந்துவிடும். வேலை முடிந்ததும் உம்மா திண்டைத் துணியால் மூடி வைப்பார். அது துணியின் மேலேயே ஏறிச் சுருண்டு படுக்கும்.

ஒரு நாள் லுஹருக்கு ஒளுச் செய்ய உம்மா எழுந்து சென்ற இடைவெளியில், மிஸ்கீன் துணியை விலக்கி உள்ளே புகுந்துவிட்டது. இரண்டு பாபின்கள் தரையில் கிடந்தன. ஒரு நூலின் முனை அதன் வாயோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

பூனை வளர்க்கும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை இங்கே எழுதிவிடுகிறோம். அத்தகைய நூலை ஒருபோதும் பிடித்து இழுக்கக் கூடாது. பூனையின் நாவில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பதால் நூல் உள்ளே செல்லுமே தவிர எளிதில் வெளியே வராது. ஒரு முனை நாவின் அடியிலோ வயிற்றிலோ சிக்கிக்கொண்டால், மறுமுனையைக் குடல் இழுக்க இழுக்கக் குடலே சுருங்கி மடியும். நூல் கத்தி போல அறுக்கும். உடனே கால்நடை மருத்துவரிடம் செல்வதே வழி. உம்மா இழுக்கவில்லை, உடனே மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அறுவை செய்தே நூலை எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்கான தொகையைக் கேட்டபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உம்மா உம்ராவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததில் கணிசமான பகுதி அது. பூனைக்காக இவ்வளவா என்று உறவினர் சிலர் பின்னர் கேட்டார்கள். தாகத்தோடு வந்த பூனைக்காகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்த அபூகதாதா (ரலி) அவர்களின் செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையோ புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. உம்மா இவற்றில் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. "வாயில்லா ஜீவன், என் நூலைத்தானே தின்றது" என்றார். அவ்வளவுதான். உம்ரா ஓராண்டு தள்ளிப்போயிற்று.

மிஸ்கீன் தேறி வந்த நாட்களில் உம்மா திண்டைத் தொடவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழும் சாச்சி, அவர் மனம் மாறட்டும் என்று ஒரு குரோஷா வேலைக்கான குறிப்பை அனுப்பினார். ஊசி ஒன்றே, குச்சிகள் இல்லை, மணிகள் இல்லை. அந்தக் குறிப்பில்தான் முதன்முதலாகச் சொற்கள் முரண்டு பிடித்தன. அமெரிக்கர் 'சிங்கிள்' என்று சொல்லும் தையலை ஆங்கிலேயர் 'டபுள்' என்பர்; அமெரிக்கரின் 'டபுள்' இங்கே 'ட்ரெபிள்'. எந்த நாட்டுக் குறிப்பு என்று கேட்காமல் பின்னினால், ஆறு அங்குலம் உயர வேண்டிய கரை மூன்று அங்குலத்தில் நின்றுவிடும். சகோதரிகள் இருவரும் தொலைபேசியில் இதைப் பேசிச் சிரித்த சிரிப்பு எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நூலில் நேர்ந்தால் பிரித்துப் பின்னலாம். உணவில் நேர்வது அப்படியன்று.

பல சொற்கள் வெறும் வேடிக்கைதான். இங்கே கொரியாண்டர், அங்கே சிலாண்ட்ரோ. நமக்கு இரண்டும் கொத்துமல்லித் தழையே. கத்திரிக்காய் அமெரிக்கருக்கு எக்பிளான்ட், ஆங்கிலேயருக்கு ஓபர்ஜின், நாட்டில் நாம் படித்த ஆங்கிலத்தில் பிரிஞ்சால். இவற்றுள் பின்னிரண்டும் அரபியின் பாதின்ஜானிலிருந்து வெவ்வேறு வழிகளில் வந்தவை என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி. தமிழில் நாம் பிஸ்கட்டை ஆங்கிலேயர் பொருளிலும், சிப்ஸை அமெரிக்கர் பொருளிலும் ஏற்றுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம்.

ஆனால் ஜெல்லி என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பிள்ளைகள் ரொட்டியில் தடவும் ஜெல்லி, பழச்சாற்றைச் சர்க்கரையுடன் காய்ச்சி இறுக்கியது. இங்கிலாந்தில் பிறந்தநாள் விருந்தில் கிண்ணத்தில் ஆடும் ஜெல்லியோ பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அந்த ஜெலட்டின் பன்றியினுடையதாகவும் இருக்கலாம். இனிப்பென்று நாம் நினைக்கும் புட்டிங், முன்னால் 'பிளாக்' சேர்ந்தால் இரத்தத்தில் செய்தது. அமெரிக்கரின் பிஸ்கட் நம் பிஸ்கட்டே அன்று. அது மென்மையான சிறு ரொட்டி, பழைய வழக்கப்படி பன்றிக் கொழுப்பிட்டும் அதைச் செய்வார்கள். இங்கே சில கடைகளில் உருளைக்கிழங்குச் சிப்ஸ் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கப்படுகிறது. உருளைக்கிழங்குதானே என்று வாங்கிவிட முடியாது.

எங்கள் குடும்பத்தை உலுக்கியது சைடர். சாச்சி வீட்டுப் பிள்ளைகள் இலையுதிர் காலத்தில் ஆப்பிள் தோட்டமொன்றுக்குச் சென்ற படத்தைக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு கோப்பை; கீழே 'சைடர் குடிக்கிறோம்' என்று ஒரு வரி. இங்கிலாந்தில் சைடர் என்றால் மது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அதை விற்பதே குற்றம். லெஸ்டரில் வாழும் எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அப்படத்தைக் கண்டு கடுமையாக எழுதினார். வளர்ப்பைப் பற்றி எழுதினார், மார்க்கத்தை விற்றுவிட்டதாக எழுதினார். அனைவரும் பார்க்கும் குழுவில் எழுதினார். சாச்சி பதில் எழுதாமல் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

அமெரிக்காவில் சைடர் என்றால் வடிகட்டாத ஆப்பிள் சாறு. மதுவானதை அங்கே 'ஹார்டு சைடர்' என்பார்கள். இதை நாங்கள் பெரியவரிடம் எடுத்துச் சொன்னபோது அவர் எளிதில் நம்பவில்லை. "பெயர் என்ன என்று எனக்குத் தெரியாதா?" என்றார். ஐந்து வாரங்கள் இரு வீடுகளுக்கும் பேச்சில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் நாற்பது ஆண்டுகளாக இந்நாட்டில் பிள்ளைகளைக் காத்து நின்றவரின் அச்சமும் எங்களுக்குப் புரியாமலில்லை. சொல்லின் மீது அவருக்கிருந்த உறுதிதான் எங்களுக்குக் கவலையளித்தது.

உம்மாதான் தீர்த்து வைத்தார். குரோஷாக் குறிப்பையும், இரண்டு நாட்டு வழக்கிலும் பின்னிய இரண்டு சிறு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு லெஸ்டருக்குச் சென்றார். இரண்டுக்கும் ஒரே பெயர் என்று சொல்லி அவர் கையில் கொடுத்தார். பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அன்றிரவே சாச்சியைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார்.

சாச்சி மீண்டும் குழுவுக்கு வந்துவிட்டார். சென்ற வாரம் அவர் வீட்டு விருந்துப் படத்தில் 'ரூட் பீர்' என்று எழுதிய புட்டி ஒன்று தெரிந்தது. பெரியவர் குழுவில் எழுதவில்லை. சாச்சிக்குத் தனியாக ஒரே வரி அனுப்பியிருந்தார்: "இதில் என்ன இருக்கிறது, மகளே?"