மிதி சொன்ன செய்தி



கார் ஓட்டுபவரின் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே பெரிய தண்டோ கயிறோ இல்லை. அவர் பிரேக் மிதியை அழுத்தும்போது, ஓர் உருளைக்குள் இருக்கும் திரவம் அழுத்தம் பெறுகிறது. மெல்லிய குழாய்களின் வழியே அவ்வழுத்தம் நான்கு சக்கரங்களையும் சென்றடைகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி.

ஊசி நீக்கிய சிரிஞ்சு ஒன்றில் நீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்து, தண்டை அழுத்திப் பாருங்கள். தண்டு அசையாது. நீருக்குப் பதிலாகக் காற்றை நிரப்பினால் தண்டு உள்ளே செல்லும். கையை எடுத்தால் மீண்டுவரும். காற்று எளிதில் சுருங்கும். நீர் அவ்வாறு சுருங்காது. பெரும்பாலான பேருந்துகளில் அழுத்தப்பட்ட காற்றே பிரேக்கை இயக்குகிறது. நிற்கும்போது அவை எழுப்பும் 'உஸ்' என்னும் ஓசை அதனால் வருவது. காரின் பிரேக் குழாயிலோ காற்று புகலாகாது. புகுந்தால், கால் செய்யும் வேலையின் ஒரு பகுதி அக்காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும்.

இதனை நான் திருவனந்தபுரத்தில் நேரில் அறிந்தேன். திருநெல்வேலியிலிருந்து பணிமாற்றம் பெற்று இங்கு வந்தபின், ஒருவர் நான்காண்டுகள் ஓட்டிய மின்காரை வாங்கினேன். ஒரு மழைநாள் மாலை பேரூர்க்கடைப் பக்கத்துச் சரிவில் இறங்கும்போது, நனைந்த பஞ்சில் கால் வைத்ததுபோல் மிதி அமிழ்ந்தது. கார் நின்றது, ஆயினும் வழக்கமாக நிற்கும் இடத்தைக் கடந்தே நின்றது. அடுத்த வாரம் என் தாயாரைப் பொன்முடிக்கு அழைத்துச் செல்வதாக இருந்தேன். அம்மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பிரேக்கில் ஐயம் எழுந்தபின் வண்டியை எடுக்கலாகாது என்பதால், மெக்கானிக் ஒருவரை வீட்டிற்கே வரவழைத்தேன்.

"டீச்சரே, ஆத்யம் சவிட்டி நோக்காம்" என்றார் அவர். முதலில் மிதித்துப் பார்ப்போம் என்பது பொருள். குமரி மாவட்டத் தமிழிலும் 'சவிட்டு' என்னும் சொல் வழங்குகிறது. 'நோக்கு' என்பதோ நம் இலக்கியங்களில் நாம் படிக்கும் சொல்லே.

முதல் மிதிப்பில் மிதி ஆழ இறங்கியது. அடுத்தடுத்து நான்கு முறை மிதித்ததும் இறுகியது. "இப்படி இறுகினால் உள்ளே காற்று இருக்கலாம் அண்ணா?" என்று கேட்டேன். ஆம் என்று தலையசைத்தவர், மிதியைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தார். அப்போது அது தானாகவே கீழிறங்கிக்கொண்டிருந்தால், பெருங்கசிவோ தலைமை உருளையில் பழுதோ உண்டு என்று பொருள். மிதி இறங்கவில்லை. அதன்பின் திரவத்தின் அளவைப் பார்த்தார். அது கீழ்க்கோட்டிற்குச் சற்றே குறைந்திருந்தது. ஒவ்வொரு சக்கரமாகத் துணியால் துடைத்துப் பார்த்து வந்தவர், இடப்பக்கப் பின்சக்கரத்தில் ரப்பர் குழாய் இணையும் இடத்தில் சிறு ஈரத்தைக் கண்டார்.

"பிரேக் தேயவே இல்லை, ஆனால் கெட்டிருக்கிறது" என்று அவர் தம் மொழியில் கூறியது எனக்கு வியப்பளித்தது. மின்காரில் முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும், மோட்டாரே மின்னாக்கியாக மாறி வண்டியின் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் பிரேக் வட்டுகளுக்கு வேலை குறைவு. வேலை குறைந்த வட்டுகளில் கடற்கரை நகரத்தின் உப்புக்காற்று துருவை ஏற்றுகிறது. பிரேக் திரவமோ, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. டாட் 4 தரத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசு வரை கொதிக்காது. 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அவ்வெல்லை 155 பாகை வரை தாழலாம். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால், அதன் ஆவியும் காற்றைப்போலவே சுருங்கும். மின்கலம் முழுதும் நிறைந்திருக்கும்போது மோட்டாரின் உதவியும் குறைந்துவிடும். ஆகவேதான், ஓடிய தொலைவு குறைவாயினும் ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுமாறு பல உற்பத்தியாளர்கள் கூறுகின்றனர்.

மறுநாள் கசிந்த குழாயையும் அதன் செம்பு வளையங்களையும் மாற்றினார். வட்டுகளின் துருவை நீக்கினார். காற்றை வெளியேற்ற இருவர் தேவை. நான் மிதியருகில் அமர்ந்தேன். "சவிட்டிக்கோ, பிடிச்சோ" என்பார். நான் மிதித்துப் பிடிப்பேன். அவர் சக்கரத்தருகே உள்ள சிறு திருகைத் திறப்பார். தேநீர் நிறத்தில் பழைய திரவம் குமிழிகளோடு கண்ணாடி போன்ற குழாய் வழியே புட்டியில் இறங்கும். திருகை மூடிய பின்னரே "விட்டோ" என்பார். முன்னதாகக் காலை எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே புகும். நான்கு சக்கரங்களிலும் தெளிந்த திரவம் வரும்வரை, மேற்கலத்தில் புதிய திரவத்தை ஊற்றிக்கொண்டே இருந்தார். இறுதியில் கணினிக் கருவியை இணைத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பினுள் தங்கிய காற்றையும் வெளியேற்றினார். மிதி மேலேயே உறுதியாக நின்றது. வெற்றிடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்னரே சாலைக்குச் சென்றோம். அம்மாவும் பொன்முடியைக் கண்டார்.

மாணவர்களே, தேயாத பொருள் கெடாது என்று எண்ணிவிடுகிறோம். இந்நகரில் வளரும் உங்களுக்குப் பள்ளியிலும் கடையிலும் தமிழ் இன்றியே நாள் கழிந்துவிடும். பேசாத மொழி தேய்வதில்லை. ஆனால் விடுமுறைக்கு ஊர் சென்று பாட்டியின் அருகில் அமரும்போது, வேண்டிய சொல் வாய்க்கு வராமல் அமிழ்ந்துவிடும். நாள்தோறும் வீட்டில் நான்கு வாக்கியங்களேனும் தமிழில் பேசுங்கள். அம்மொழி நீங்கள் வாழும் ஊரின் மொழியையும் உங்களுக்கு அணுக்கமாக்கும். மெக்கானிக் சொன்ன சொற்களை எனக்குப் புரியவைத்ததும் என் தமிழே.

சிந்தித்து எழுதுக

1. பிரேக் குழாயில் காற்று புகுந்தால் மிதி அமிழ்வது ஏன்?
2. 'தேயவில்லை, ஆனால் கெட்டிருக்கிறது' – இக்கூற்று பிரேக்கிற்கும் மொழிக்கும் எவ்வாறு பொருந்துகிறது?
3. தமிழிலும் மலையாளத்திலும் ஒத்து வழங்கும் ஐந்து சொற்களை வீட்டாரிடம் கேட்டு எழுதுக.