கை உயரவில்லை

ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குத் தக்பீர் கட்டினேன். இடது கை வழமைபோல உயர்ந்தது. வலது கை நெஞ்சளவில் நின்றுவிட்டது. தோளுக்குள் யாரோ ஆணி அடித்துவைத்ததுபோல ஒரு குத்தல். குளிரில் பிடித்திருக்கும், வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டேன்.

சரியாகவில்லை. கரும்பலகையில் நான் எழுதும் வரிகள் வாரத்துக்கு வாரம் கீழே இறங்கின. பின்வரிசை மாணவர்கள் கழுத்தை நீட்டினார்கள். மேல்தட்டிலிருந்து கிதாபை எடுக்கப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். ஜுப்பா மாட்டுவது ஒரு போராட்டம். இரவுதான் மிகக் கஷ்டம். வலப்பக்கம் சாய்ந்து படுப்பது சுன்னத்து என்று வருடக்கணக்காகப் பாடம் சொன்னவன், அந்தப் பக்கம் புரண்டாலே துடித்து எழும்பினேன்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். வாவிக் காற்று என்றார் இன்னொருவர். நல்லெண்ணெய் போட்டு உருவும் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் கையைப் பிடித்து ஒரே இழுவையாக மேலே தூக்கினார். அன்று போட்ட சத்தத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு பத்து நாள் கையை அசைக்கவே முடியவில்லை.

கடைசியில் கல்லடிப் பாலம் கடந்து மட்டக்களப்புக்குப் போய் டொக்டரைக் கண்டேன். அவர் முதலில் என்னைக் கையைத் தூக்கச் சொன்னார். பிறகு தானே மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். அவருக்கும் எழும்பவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினார். கதவுப் பூட்டுப்போல நின்றது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத்தான் இருந்தது. “புரோசன் ஷோல்டர்” என்றார். உறைந்துபோன தோள். அடுத்து அவர் கேட்டது, “மௌலவி, உங்களுக்குச் சீனி வருத்தம் எத்தனை வருஷம்?”

எனக்கு ஆறு வருடம். மாத்திரை போடுகிறேன், கிளினிக் போகிறேன் என்று பெயர். ஆனால் கல்யாண வீடு, கந்தூரி என்று நாலு பேர் சுற்றி உட்காரும் சஹனில் மௌலவிக்குத்தான் முதல் உபசாரம். வட்டிலப்பத்தை வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் மனம் நோகும் என்று எனக்கு நானே பத்வா கொடுத்துக்கொண்டேன்.

தோளுக்கும் சீனிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். தோள்மூட்டைச் சுற்றி மெல்லிய பை ஒன்று இருக்கிறது. கை எல்லாத் திசையிலும் சுழல்வதற்காக அது தளர்வாக இருக்கும். அந்தப் பை வீங்கி, தடித்து, சுருங்கிவிடுவதுதான் இந்த நோய். இரத்தத்தில் சீனி நீண்ட காலம் கூடியிருந்தால் அது பையிலுள்ள நார்களோடு ஒட்டி அவற்றை விறைக்க வைக்கிறதாம். அதனால்தான் சீனி வருத்தக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. நாற்பது முதல் அறுபது வயது வரையுள்ள பெண்களுக்கும் கூடுதல். இந்தப் பெயரை 1934இல் வைத்தவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து டொக்டர் கொட்மன். நோய் அதற்கும் வெகு காலம் முந்தியது.

பெண்களுக்குக் கூடுதல் என்றதும் எனக்கு என் ராத்தாவின் ஞாபகம் வந்தது.

அதற்கு இரண்டு வருடம் முந்தி ராத்தா ஒரு போத்தல் தண்ணீரோடு வந்தார். “தம்பி, கை தூக்க ஏலாமக் கிடக்கு. கொண்டை போட ஏலாது, கொடியில உடுப்புப் போட ஏலாது. ஓதித் தாங்களேன்” என்றார். ஓதிக் கொடுத்தேன். “சபூர் செய்யுங்க ராத்தா” என்றேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். ஓதியது பிழையல்ல, சகோதரிகளே. அத்தோடு நிறுத்தியதுதான் பிழை. மருந்து செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். என் கூடப் பிறந்தவரிடம் “டொக்டரிடம் காட்டினீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டிலே மகள்மார் “உம்மா வேலைக்குச் சாட்டுச் சொல்றா” என்று பேசிக்கொண்டார்களாம். வெளியே காயம் தெரியாத நோய்க்கு வீட்டில் சாட்சி கிடைப்பதில்லை.

மட்டக்களப்பிலிருந்து திரும்பிய அன்றே ராத்தா வீட்டுக்குப் போனேன். அவருடைய தோள் அதற்குள் ஓரளவு இளகியிருந்தது. இந்த நோய் அப்படித்தான். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல இளக்கம் என்று ஒன்றிலிருந்து மூன்று வருடம் எடுக்கும். மறுநாள் வெறுவயிற்றில் இரத்தம் சோதித்தோம். சீனி 214. எத்தனை வருடமாக இருந்ததோ, பாதங்களில் விறைப்பும் தொடங்கியிருந்தது. தோள் இரண்டு வருடம் முந்தியே சொல்லிப் பார்த்திருக்கிறது. நான் அதற்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன்.

என் வைத்தியத்தைச் சொல்கிறேன். மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டார்கள். அது ஸ்டீரொயிட் மருந்து. வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் மறுநாள் சீனி 290க்கு ஏறியது, இறங்க ஐந்து நாளானது. ஊசி போடுகிறவரிடம் சீனி வருத்தம் இருப்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். வலி மாத்திரையைப் பாமசியில் கேட்டு வாங்கி விழுங்கவும் வேண்டாம், சிறுநீரகம் தாங்காது.

மற்றதெல்லாம் பயிற்சிதான். அரச ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்குக் காசில்லை. மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, நோவுக் கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது ஒன்று. சுவரில் விரல்களை நண்டுபோல ஏறவிடுவது இன்னொன்று. விரல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். சில வாரம் கோட்டுக்கு மேல் கோடு விழாது, அதே இடத்தில் தடித்துக்கொண்டே போகும். சுளீர் என்று வலிக்கும் வரை இழுக்கக்கூடாது, சும்மாவும் விடக்கூடாது. முதலில் சுடுதண்ணீர்த் துணி ஒற்றலாம். சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். சீனி வருத்தத்தில் நம் தோலை நம்ப முடியாது.

உடுக்கும்போது நோவுக் கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரிய மூன்று மாதம் சென்றது. உடுப்புக் கொடியைத் தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள். தலை வார மகளைக் கூப்பிடுவதில் குறைச்சல் இல்லை. தக்பீரில் கை உயர்த்துவது சுன்னத்து, உயர்ந்த அளவு போதும். வுழூச் செய்ய ஏலாவிட்டால் ஒருவர் உதவலாம். இன்னொன்று: இடது தோளில் வலி, அதோடு நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சு முட்டு என்றால் அது தோள் அல்ல, இதயமாக இருக்கலாம். எண்ணெய் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பதினாலு மாதமாகிறது. அல்ஹம்துலில்லாஹ், கரும்பலகையின் மேல் வரிக்கு வந்துவிட்டேன். முதுகுப்பக்கம் மட்டும் இன்னும் கை போவதில்லை. ராத்தாவுக்குப் போன மாதம் மற்றத் தோளில் தொடங்கியிருக்கிறது. இம்முறை தண்ணீர்ப் போத்தலோடு கிளினிக் கொப்பியையும் கொண்டு வந்தார். ஓதிக் கொடுத்துவிட்டு, கொப்பியை வாங்கிப் பார்த்தேன். வெறுவயிற்றுச் சீனி 118. என்னுடையதைவிடக் குறைவு. அவர் வீட்டுச் சுவரிலும் இப்போது பென்சில் கோடுகள் இருக்கின்றன. அவற்றை மகள்தான் போடுகிறாள்.