பற்றும் வரவும்

என் அக்கா மகன் பி.காம். சேரப்போவதாகச் சொன்னதும் நண்பர்கள் துக்கம் விசாரித்தார்கள். வயிற்றுக்குக் கணக்கு, ஆத்மாவுக்கு இலக்கியம் என்ற பாகுபாடு நம்மிடம் அவ்வளவு ஊறியிருக்கிறது. மதுரையில் இது செல்லாது. 1943-ல் பாங்க் ஆஃப் மதுராவையும் 1949-ல் தியாகராசர் கல்லூரியையும் தொடங்கியவர் ஒருவரே: கருமுத்து தியாகராஜன் செட்டியார். வங்கி 2001-ல் ஐ.சி.ஐ.சி.ஐ.யில் கலந்துவிட்டது. கல்லூரி இருக்கிறது.

மேலூர்ப் பக்கத்து நெல் விவசாயிகள் வீட்டில் பி.காம். என்றால் பாங்க் உத்தியோகம். ஆனால் குமாஸ்தா தேர்வு எழுத எந்தப் பட்டமும் போதும். ஆங்கில இலக்கியம் படித்த நானே சாட்சி. எனவே கணக்கியலைக் கணக்கியலுக்காகத்தான் படிக்க வேண்டும்.

வெனிஸில் 1494-ல் பாசியோலி அச்சேற்றிய இரட்டைப் பதிவு முறையில், எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் எதையும் வரவு வைக்க முடியாது. நம் விமர்சனத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு கவிஞனை உயர்த்துகிறோம். எதன் பேரில் என்று எழுதுவதில்லை.

கணக்கைப் புனிதமாக்கவும் வேண்டாம். ஒருவர் பேரில் எழுத வேண்டிய தொகையை இன்னொருவர் பேரில் எழுதினாலும் இருப்பாய்வு நேராகிவிடும். கூட்டல் இன்று கணினியின் வேலை. எது எந்தத் தலைப்பில் சேரும் என்ற தீர்மானம்தான் படிப்பு. விமர்சனத்திலும் கஷ்டமான இடம் அதுவே.

“வேலை கிடைக்குமா மாமா?” என்றான். அதற்கு இந்தப் படிப்பு உத்தரவாதமில்லை என்றேன். யோசித்துவிட்டு, “பரவாயில்லை, எனக்குக் கணக்கு பிடிக்கும்” என்றான். அக்காவிடம் இதை அவன் இன்னும் சொல்லவில்லை.