யாரையும் கேட்காத ஞாயிறு

இலங்கையில், லுணுகலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் வெளியூர் போகிறார் என்றால் காரணம் இருக்கும். கல்யாணம், சாவு, பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினர், கதிர்காமத்துக்கு ஒரு வேண்டுதல். லுணுகலை டவுனுக்கு இறங்குவதென்றாலும் சம்பளத்துக்கு அடுத்த நாளோ, அடகு வைத்த தோட்டை மீட்கவோதான். சும்மா ஓரிடம் போய்ச் சுற்றிவிட்டு வருவது எங்களிடம் இல்லாத பழக்கம். காசில்லை என்பது உண்மை. ஆனால் அது மட்டுமில்லை. எங்கே போவதென்றாலும் யாரையாவது கேட்க வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக எங்கள் உடம்பில் ஊறிப்போனது.

பூட்டன் காலத்தில் துண்டு முறை இருந்தது. கடன் கணக்கைக் காட்டித் தோட்டத் துரை கொடுக்கும் துண்டு கையில் இல்லாமல் ஒரு தோட்டத்து ஆளை இன்னொரு தோட்டத்தில் பெரட்டில் பேர் பதிந்து வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். கடன் கங்காணி கணக்கில் இருக்கும். அது தீரவே தீராது. 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். சட்டம் துண்டை ஒழித்தது, பயத்தை ஒழிக்கவில்லை. இன்றைக்கும் அம்மா ஒருநாள் மலைக்குப் போகாவிட்டால் முதல் நாளே கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

அபுதாபிக்கு வந்தும் எனக்கு அது விட்டுப்போகவில்லை. முதலில் வேலை பார்த்த இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்திருக்க இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது இருக்கும் கொம்பனியில் அந்தத் தொல்லை இல்லை. 2022 ஜனவரியில் இங்கே அரச வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியதோடு எங்களுக்கும் வெள்ளி லீவு ஞாயிறாகிவிட்டது. அந்த ஞாயிறும் துணி துவைக்க, தூங்க, வீட்டுக்குப் பேசவே சரியாக இருக்கும்.

ஒரு சனி இரவு அபுதாபி முசஃபாவில் எங்கள் அறையில் சோறு தின்றுகொண்டிருக்கும்போது அறைக் கூட்டாளி செங்கலடிக்காரன் சொன்னான்: "மச்சான், நாளைக்கு எங்கயாவது போவமே." எங்கே என்று அவனுக்கும் தெரியவில்லை. அதே அறையில் இருக்கும் மடுல்சீமைத் தம்பி, "மலை இருக்கிற இடமா பாத்துப் போவோம்" என்றான். பக்கத்து அறைத் தென்காசி அண்ணனிடம் காரும் லைசன்ஸும் இருந்தன. விடிய ஐந்து மணிக்கு அல் அய்ன் ரோட்டில் இருந்தோம். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த நினைப்பே எனக்கு ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது.

அல் அய்ன் சோலைக்குள் நடந்தபோதுதான் கூச்சம் விட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேரீச்ச மரங்கள், மண் சுவர்களுக்கு இடையில் ஒற்றையடிப் பாதை, ஓரத்தில் சின்ன வாய்க்கால். ஃபலஜ் என்கிறார்கள். மலையடி நீரை நிலத்துக்கு அடியிலேயே சுரங்கம்போல வெட்டி, வாட்டத்தைக் கொண்டே இழுத்து வருவது. இந்த ஊர்ப் பக்கத்தில் 3,000 வருஷப் பழைய ஃபலஜும் இருக்கிறது. ஒவ்வொரு தோப்புக்கும் முறை வைத்துத் தண்ணீர் திருப்புவார்கள். ஒரு தொழிலாளி மடையை அடைத்திருந்த பலகையை எடுத்து, சேற்றை மண்வெட்டியால் வழித்துவிட்டு, தண்ணீர் முதல் மரத்தின் பாத்தியைச் சுற்றி வரும்வரை நின்று பார்த்தார். மடுல்சீமைத் தம்பி அவர் பக்கத்திலேயே குந்திவிட்டான். பீலிக்கரையில் குடத்தோடு முறைக்கு நின்று வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதன் பிறகு ஹஃபீத் மலை. உயரம் 1,200 மீட்டருக்குச் சற்று மேல். எங்கள் பக்கத்து நமுனுகலை மலை இதைவிட உயரம். ஆனால் நமுனுகலை உடம்பெல்லாம் பச்சை உடுத்தி நிற்கும். இது வெறும் சுண்ணாம்புக் கல். ஒருகாலத்தில் கடலடியில் கிடந்த கல், உள்ளே சிப்பிகளின் தடம் இருக்கிறது. அடிவாரத்தில் 5,000 வருஷத்துக் கல்லறைகள். புல் பூண்டு இல்லாத மலையைப் பார்க்க முதலில் மனம் ஒப்பவில்லை. வெயில் ஏற ஏறக் கல்லின் நிறம் மாறியபோது ஒப்பியது.

மேலே ஏறும் பாதை ஏறத்தாழ 12 கிலோமீட்டர், 60 வளைவு. அகலமான ரோடு, உறுதியான தடுப்பு. வளைவுகளில் நானும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டோம், ஊர் பஸ் விபத்து நினைவுக்கு வந்தது. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. விடியற்காலை பஸ் ஏறியவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். இந்த நாட்டில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்டிருக்கும் ரோட்டை, எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்காவது போட்டிருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் என்னால் அந்த மலையைப் பற்றி எழுத முடியாது.

மத்தியானம் இறங்கி முபஸ்ஸரா வந்தோம். மலையடியில் புல்வெளி, நடுவே வெந்நீர் ஊற்று வாய்க்கால். குடும்பம் குடும்பமாகக் கால்களை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினோம். செங்கலடிக்காரன் காலை வைத்தவுடன், "டேய், இது எங்கட மகாஓயாத் தண்ணி" என்றான்.

மகாஓயா வெந்நீர்க் கிணறுகள் எங்கள் இருவர் ஊரையும் இணைக்கும் ரோட்டுப் பக்கத்தில் இருக்கின்றன. பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி பதுளை, பசறை, லுணுகலை என்று வந்து, பிபிலைக்கு இறங்கி, மகாஓயா தாண்டி, செங்கலடியில் முடிகிறது. அவன் ஊர் அந்த ரோட்டின் முனை, என் ஊர் நடு வழி. நாங்கள் சந்தித்ததோ முசஃபாவில்.

அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்துத் தண்ணீரைக் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, "என்ன விசேஷம்? யாருக்கிட்ட கேட்டுட்டுப் போன?"

"யாருக்கிட்டயும் கேக்கல. விசேஷமும் இல்ல. சும்மா வந்தோம்மா."

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகாஓயாவிலும் இப்படித்தானாமே என்றார். லுணுகலையில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து நரைத்தவர். அந்தக் கிணற்றை ஒருநாளும் பார்த்ததில்லை. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். "ஞாயித்துக்கிழம கைக்காசு இருக்கேப்பா" என்றார், ஞாயிறு பறிக்கும் கொழுந்துக்குக் கையில் கிடைக்கும் கூலியைச் சொல்லி. அந்தக் காசை நான் போடுகிறேன் என்றதற்குப் பதில் வரவில்லை.

செங்கலடிக்காரன் போனைப் பிடுங்கினான். "அம்மா, நீங்க பஸ்ஸெடுத்து பிபிலையால இறங்கி வாங்க. எங்கட அம்மாவ இந்தப் பக்கத்தால வரச் சொல்றன். ரெண்டு பேரும் மகாஓயால சந்திங்க." சொன்ன கையோடு தன் போனில் அவன் அம்மாவையும் அழைத்து, இரண்டு போன்களையும் எதிரெதிரே பிடித்தான். அடுத்த ஞாயிறா, அதற்கடுத்ததா என்று இரண்டு அம்மாக்களும் பேசத் தொடங்கினார்கள். சோறு கட்டிக்கொண்டு வருவது யார் என்பதில்தான் பேச்சு இழுபட்டது.